வெள்ளத்தில் நனைந்த சோபா: ஸ்பிரிங்கா, ஃபோமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழைக்குப் பிறகு வடசென்னையின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வடிவதற்குப் பல நாள்கள் ஆயின. பட்டாளம் பகுதியில் தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழைநீரோடு சாக்கடை நீரும் கலந்து வந்திருந்ததால், எதைக் கழுவி வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று தீர்மானிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. ரேஷன் கடை வழியாக அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் கிரைண்டர் பழுதுக்கும் அம்மாவின் மெத்தைக்கும் சரியாகப் போயிற்று. எல்லாம் ஒருவாறு ஒழுங்கான பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் மிஞ்சி நின்றது சோபா செட் மட்டும்தான்.

பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் தாத்தா, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து அதை வாங்கினார். மூன்று பேர் உட்காரும் நீள சோபா ஒன்று, ஒற்றை நாற்காலிகள் இரண்டு, எல்லாம் தேக்கு. உள்ளே ஸ்பிரிங், அதன் மேல் கோணித் துணி, தேங்காய் நார், பஞ்சு என்று அந்தக் காலத்து வேலை. நினைவுப் பொருள் என்பதற்காக மட்டும் நான் அதைக் காப்பாற்ற நினைக்கவில்லை. எண்பதை நெருங்கும் என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். வீட்டில் எவருடைய கையையும் பிடிக்காமல் அவரால் எழுந்திருக்க முடிந்த ஒரே இருக்கை அந்த நீள சோபாதான். கணவர் ஷார்ஜாவிலும் மகன் புனேயிலும் இருப்பதால் இந்த வேலை முழுவதையும் நான் ஒருத்தியாகவே பார்க்க வேண்டியிருந்தது. யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்றுகூடத் தெரியாத நிலையில் தொடங்கினேன். என்னைப் போல் பழைய மரச் சாமானை வைத்துக்கொண்டு திகைப்பவர்கள் இருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உலர்த்துவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அந்த இடத்திலேயே மரத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். சாக்கடை கலந்த நீரில் ஊறிய பஞ்சு, நார், ஃபோம், துணி எதையும் காயவைத்து மீண்டும் பயன்படுத்தக்கூடாது. நாற்றம் போனாலும் உள்ளே இருக்கும் கிருமியும் பூஞ்சையும் போவதில்லை. மரச்சட்டம் வேறு. அதைச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில், காற்றோட்டத்தில், மின்விசிறிக்குக் கீழே வாரக்கணக்கில் விட வேண்டும். மாடிக்குத் தூக்கிச் சென்று வெயிலில் போடச் சொன்னவர்கள் பலர். ஊறிய மரம் வெயிலில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக உலர்ந்தால் கோணிப்போகும், வெடிக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய சாமான்களின் இணைப்புகள் பெரும்பாலும் வஜ்ஜிரம் என்று தச்சர்கள் சொல்லும், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால் ஒட்டப்பட்டவை. அந்தப் பசை தண்ணீரில் இளகும். எங்கள் சோபாவின் கைப்பிடி ஆடத் தொடங்கியதைப் பார்த்து மரம் உளுத்துவிட்டது என்று பயந்தேன். பின்னர் வந்த தச்சர், பசைதான் போயிருக்கிறது, மரம் இரும்பு போல இருக்கிறது என்றார். இளகக்கூடிய பசை என்பதாலேயே அந்த இணைப்புகளைச் சேதமில்லாமல் கழற்றி, சுரண்டி, மறுபடியும் ஒட்ட முடிந்தது. ஆகவே ஆடுகிற சட்டத்தைப் பார்த்தவுடனே விறகுக்குப் போடாதீர்கள். கத்தி முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால்தான் உளுத்த மரம்.

சட்டம் முழுவதும் உலர்வதற்கு முன்பே முதல் கடைக்குப் போனது. அந்தக் கடை பிரதான சாலையில், கண்ணாடி முகப்போடு, ரெக்சின் மாதிரிப் புத்தகங்களும் வண்ண விளக்குகளுமாக இருந்தது. கடையின் பெயரையும் இடத்தையும் இங்கே தரப்போவதில்லை. அங்கிருந்தவர் சோபாவின் புகைப்படத்தைக் கைப்பேசியில் பார்த்த உடனேயே, "ஸ்பிரிங்கெல்லாம் இப்போ யாரும் போடுறதில்லைம்மா, எடுத்துப் போட்டுட்டு ஃபார்ட்டி டென்சிட்டி ஃபோம் வச்சுத் தர்றோம், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார். மேலுறைக்கு லெதரெட் என்னும் செயற்கைத் தோலைப் பரிந்துரைத்தார். தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம் என்பது அவருடைய வாதம். வெள்ளத்தைப் பார்த்து நொந்திருந்த எனக்கு அது மிகப் பொருத்தமான பேச்சாகத் தோன்றியது. நீள சோபாவுக்கு மட்டும் 16,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். குட்டி யானையில் ஏற்றும்போது ஒற்றை நாற்காலிகளுக்கு இடம் போதவில்லை. அடுத்த நடையில் அனுப்பலாம் என்று விட்டது பிற்பாடு மிகப்பெரிய உதவியாக அமைந்தது.

சொன்ன தேதிக்கு முன்பே சோபா திரும்பி வந்துவிட்டது. பார்ப்பதற்கும் மிக அழகாக இருந்தது. அன்று மாலையே அம்மா அதில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார். புதிது, போகப் போகச் சரியாகும் என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் சரியாவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அது முழுக்க முழுக்க உயரக் கணக்கு. ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்ட சட்டத்தில் இருக்கையைச் சுற்றியுள்ள மரம் தாழ்வாகவே இருக்கும், ஏனென்றால் அதன் அடியில் கட்டிய பட்டையின் மேல் நிற்கும் ஸ்பிரிங்குகள் மரத்துக்கு மேலே பல அங்குலம் எழும்பும். எங்கள் சோபாவில் தரையிலிருந்து மரத்தின் மேல்விளிம்பு வரை 12 அங்குலம். முன்பு ஸ்பிரிங், நார், பஞ்சு எல்லாம் சேர்ந்து இருக்கையின் உச்சி 18 அங்குலத்துக்கு வந்திருந்தது. இப்போது ஸ்பிரிங்கை அகற்றிவிட்டு அந்த மரத்தின் மேல் பிளைவுட் பலகையை அடித்து, அதன் மேல் 4 அங்குல ஃபோம் வைத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் ஃபோம் அமுங்கி, அம்மாவின் இடுப்பு முழங்காலுக்கு வெகு கீழே போய்விட்டது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இடுப்பு முழங்காலை விடச் சற்றாவது உயரமாக இருந்தால்தான் எழுவது எளிது. பழைய ஸ்பிரிங் இருக்கையில் ஃபோம் மட்டும் போட முடிவு செய்பவர்கள், வேலைக்குக் கொடுக்கும் முன் தரையிலிருந்து இருக்கையின் உச்சி வரை அளந்து, அந்த அளவு திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கோடைக்குள் நடு இருக்கை குழிந்துவிட்டது. பத்து வருடம் என்று சொன்னது ஓராண்டைக்கூட எட்டாதபோதுதான் ஃபோமைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன். டென்சிட்டி என்று கடைக்காரர்கள் சொல்லும் எண், ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதைக் குறிக்கிறது. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. கையால் அமுக்கிப் பார்த்தால் தெரிவது கடினத்தன்மை மட்டுமே. அடர்த்தி குறைந்த ஃபோமும் புதிதாக இருக்கும்போது விறைப்பாகவே இருக்கலாம். ஆகவே கையை நம்பாமல் தராசை நம்ப வேண்டும். 22 அங்குலம் நீளம், 22 அங்குலம் அகலம், 4 அங்குலம் கனம் உள்ள ஓர் இருக்கைத் துண்டின் கன அளவு ஏறத்தாழ 0.032 கன மீட்டர். 40 டென்சிட்டியில் அது 1 கிலோ 270 கிராம் இருக்க வேண்டும். 32 டென்சிட்டியில் ஏறத்தாழ ஒரு கிலோ. உறையைப் பிரித்து எங்கள் வீட்டு ஃபோம் துண்டைத் தெரு முனை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 600 கிராம்கூட வரவில்லை. அதாவது எனக்குச் சொன்னதில் பாதியைக்கூடத் தொடாத சரக்கு. கடைக்காரர் அண்ணாச்சி அதைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எடையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு: கழிவு ஃபோம் துண்டுகளை அரைத்து ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் மிகுந்த எடை காட்டும். ஆனால் அது பல வண்ணத் துணுக்குகளாகக் கண்ணுக்கே தெரியும். அடித்தளத்துக்கு ஆகும், மேலே உட்காருவதற்கு அது மட்டும் போதாது.

லெதரெட்டின் கதை தனி. மழைக்காலம் வந்ததும் அம்மா தலை சாயும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் மேற்பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கியது. லெதரெட் என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான சரக்கு விற்கிறார்கள். ஒன்று பி.வி.சி. பூசிய துணி, நாம் காலங்காலமாக ரெக்சின் என்று சொல்வது. அது தடிப்பானது, வியர்க்கும், வருடங்கள் போனால் விறைத்து வெடிக்கும். ஆனால் ஈரக்காற்றில் உரியாது. மற்றொன்று பாலியூரித்தேன் பூசியது. தொடுவதற்கு மென்மையானது, பார்வைக்கு உண்மையான தோலை ஒத்தது, விலையும் கூடுதல். அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஈரப்பதமே மெல்ல மெல்ல அறுக்கிறது. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் சேதம் இன்னும் விரைவு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஆண்டு முழுவதும் புழுங்கும் ஊரில், தலைக்கு எண்ணெய் வைக்கும் பெரியவர்கள் தினமும் சாயும் சோபாவுக்கு அது ஏற்றதன்று. துடைத்தால் போய்விடும் என்பது உண்மைதான். எனக்குத் துடைக்கும்போது மேற்பூச்சே கையோடு வந்தது.

நாற்றமும் இருந்தது. சோபாவைக் கவிழ்த்து அடியில் அடித்திருந்த ரெக்சினைக் கிழித்துப் பார்த்தேன். வெள்ளத்தில் ஊறிய பழைய சணல் பட்டைகளில் பாதியை அகற்றாமல் அப்படியே விட்டு, அவற்றுக்கு மேலே பிளைவுட்டை அடித்திருந்தார்கள். மேலே ஓட்டையில்லாத பலகை, கீழே காற்றுப் புகாத ரெக்சின், நடுவே முழுதாக உலராத மரமும் பூஞ்சை பிடித்த சணலும். இருபத்தோரு ஸ்பிரிங்குகளையும் காணவில்லை. கேட்டதற்கு, பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது என்றார்கள். உத்தரவாதம் பற்றிக் கேட்டதற்கு, தண்ணீர் பட்ட மரத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். என்னிடம் இருந்த ரசீது, "சோபா வேலை" என்ற இரண்டே சொற்களுடன் மொத்தத் தொகையை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. எந்த ஃபோம், எத்தனை டென்சிட்டி, எவ்வளவு கனம், எந்த மேலுறை என்று எதுவும் அதில் இல்லாதபோது எதை வைத்து வாதிடுவது? வண்டிக் கூலியையும் சேர்த்தால் 18,300 ரூபாய். பணத்தைவிட, அம்மா அந்த மாதங்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்குப் பிறகு, இனி ஃபோம் என்ற பேச்சே வேண்டாம், முழுக்கப் பழைய முறையிலேயே செய்துவிட வேண்டும் என்ற வீம்பு வந்தது. என் பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர் பழைய வண்ணாரப்பேட்டையில் சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் காட்டினார். சிறுவயதில் தியேட்டர் நாற்காலிகளுக்குக் குஷன் அடித்துத் தொழில் பழகியவர். இப்போது பெரும்பாலான வேலையை அவருடைய தங்கை மகன் பார்த்துக்கொள்கிறார், ஸ்பிரிங் கட்டுவதை மட்டும் எவரிடமும் விடுவதில்லை. "பாய், ஒண்ணும் மாத்த வேண்டாம், பழையபடியே கட்டிக் கொடுங்க" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளாமல், யார் உட்காருகிறார்கள், தினமும் எத்தனை மணி நேரம், வீட்டில் எவருக்காவது மூச்சிழுப்பு உண்டா, மறுபடியும் தண்ணீர் வருமா என்று வரிசையாகக் கேட்டார். முதல் கடையில் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வேலைக்காரரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதைவிட நல்ல அடையாளம் தெரியாது.

ஸ்பிரிங் கட்டுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். சட்டத்தின் அடியில் பட்டைகளை நெடுக்கும் குறுக்குமாகப் பாய் முடைவது போலக் கோத்து இழுத்து அடிக்கிறார்கள். அந்தப் பட்டை இழுபடாததாக இருக்க வேண்டும். ஃபோம் சோபாக்களுக்குப் போடும் எலாஸ்டிக் பட்டையின் மேல் இந்த ஸ்பிரிங்கை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து ஆடும். பட்டைகள் சந்திக்கும் இடங்களில் ஸ்பிரிங்கை நிறுத்தி, கோணூசியால் தைக்கிறார்கள். பிறகு மேலே முறுக்குக் கயிற்றால் கட்டு. பின்மரத்தில் அடித்த ஆணியிலிருந்து கிளம்பும் கயிறு ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தலையையும் சற்று அமுக்கி முடிச்சிட்டுக்கொண்டே முன்மரத்துக்கு வருகிறது. அடுத்து இடமிருந்து வலம். அதன் பின் இரண்டு மூலைவாட்டுகளிலும். ஆக ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையிலிருந்து கயிறு பிடித்திருக்கிறது. இதனால் ஒரு ஸ்பிரிங்கின் மேல் விழும் பாரத்தைப் பக்கத்தில் உள்ளவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. நேரம் மிச்சம் பிடிப்பவர்கள் மூலைவாட்டுக் கயிற்றை விட்டுவிடுவார்கள். சில மாதங்களில் ஸ்பிரிங் சாய்ந்து ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். துணி மூடிய பிறகு இந்த வேறுபாட்டை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. முதல் கடைக்குப் போகாமல் தப்பிய ஒற்றை நாற்காலிகளில் இருந்த ஸ்பிரிங்குகள்தான் உயரத்துக்கும் கம்பிக் கனத்துக்கும் மாதிரியாக உதவின. அவை இல்லாவிட்டால் 18 அங்குலத்தை ஊகித்தே எட்ட வேண்டியிருந்திருக்கும். உங்கள் சாமானைக் கொடுக்கும்போது ஸ்பிரிங்குகளை எண்ணி, படம் எடுத்து, பயன்படாவிட்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மேலே லேசாகத் துருப்பிடித்த ஸ்பிரிங்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து மறுபடியும் கட்டலாம். குழி விழுந்த துரு என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய முறை முழுவதும் வேண்டும் என்ற என் பிடிவாதம் தளர்ந்தது பஞ்சில்தான். பஞ்சு உட்காருவதற்குக் குளிர்ச்சி. அதை மறுக்க முடியாது. ஆனால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நாளடைவில் கட்டி தட்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து அடித்துப் போட வேண்டும். அந்தத் தூசி அம்மாவின் இழுப்புக்கு ஆகாது. தேங்காய் நார் அப்படியன்று. அதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதி என்பதால் ஈரத்தில் எளிதில் மக்காது, காற்றும் ஊடே போகும். ஆகவே ஸ்பிரிங்கின் மேல் கோணித் துணி, அதன் மேல் நார் அடுக்கு, அதற்கும் மேலே பஞ்சுக்குப் பதிலாக 3 அங்குல 40 டென்சிட்டி ஃபோம், அதைப் போர்த்தி மெல்லிய பாலியெஸ்டர் நார் விரிப்பு என்று பேசி முடித்தோம். பெரியவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "ஃபோம் செத்துப்போகும்மா, நார் சாகாது" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னது சரி. ஃபோம் நாளாக நாளாக மஞ்சளாகி நொறுங்கும். அதனால்தான் ஃபோம் அடுக்கைத் தனிக் குஷனாகச் செய்து ஜிப் வைத்த உறைக்குள் போடச் சொன்னேன். அது செத்துப்போனால் ஸ்பிரிங்கையும் நாரையும் தொடாமல் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மீண்டும் வெள்ள எச்சரிக்கை வந்தால் குஷன்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் நார் அடுக்கைச் சேமிக்க நினைத்து ஃபோமை நேராக ஸ்பிரிங்கின் மேல் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கம்பி வளையம் அடியிலிருந்து ஃபோமை அறுத்துக்கொண்டே வரும்.

ஆணி விஷயத்தில் பட்டறைக்குள்ளேயே சண்டை. பெரியவருக்குச் சுத்தியும் சிறிய ஆணியும்தான் பிடிக்கும். மருமகனுக்குக் கம்ப்ரஸரில் ஓடும் ஸ்டேப்ளர் கன். இதில் நான் இளையவர் பக்கம் நின்றேன். அந்தத் தேக்கு விளிம்பில் முந்தைய வேலைகளின் ஆணி ஓட்டைகள் ஏற்கெனவே வரிசை வரிசையாக இருந்தன. இன்னும் தடிமனான ஆணியை அடித்தால் மரம் பிளக்கும். ஸ்டேப்ளரின் மெல்லிய பின் அந்த அளவுக்குச் சேதம் செய்யாது. ஆனால் சாதாரண பின் இங்கே உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பின் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சோபாவுக்கு ஆகும் வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். கயிற்றுக் கட்டுகளைத் தாங்கும் இடங்களில் மட்டும் ஆணியே இருக்கட்டும் என்று பெரியவர் உறுதியாக நின்றார், அதில் நான் தலையிடவில்லை.

துணியை நானே பாரிமுனை கோடவுன் தெருவில் வாங்கினேன். குஷன் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. கோடோ பூவோ ஒரே திசையில் சேர வேண்டிய துணி என்றால் கூடுதலாக வாங்க வேண்டும், வெற்றுத் துணியில் சேதாரம் குறைவு. எனக்கு 7 மீட்டர் ஆயிற்று. காற்றுப் போகும் நெசவாகப் பார்த்து எடுத்தேன். சோபாவின் அடிப்பக்கத்துக்கு ரெக்சின் வேண்டாம், காடாத் துணி போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். விளிம்புத் தையலில் கயிறு வைத்து மடித்துத் தைக்கும் பைப்பிங் வேண்டாம் என்றும் சொன்னேன். அழகுதான், ஆனால் மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்தால் முதலில் குடியேறுவது அந்த மடிப்புகளில்.

செலவை அப்படியே எழுதுகிறேன். இணைப்புகளைக் கழற்றி ஒட்டிய தச்சர் கூலி 2,500. ஸ்பிரிங், பட்டை, கயிறு 4,200. கோணித் துணியும் நாரும் 1,800. ஃபோமும் விரிப்பும் 4,500. துணி 3,850. குஷன் கூலி 9,000. மொத்தம் 25,850 ரூபாய். இப்படிப் பிரித்து எழுதச் சொன்னபோது பெரியவர் சற்று வருந்தினார், நம்பவில்லையா என்று கேட்டார். முதல் கடையில் நடந்ததைச் சொன்ன பிறகு அவரே ஃபோம் துண்டுகளை என் கண்முன்னே தராசில் வைத்துக் காட்டினார். பட்டை அடித்ததும் ஒருமுறை, ஸ்பிரிங் கட்டியதும் ஒருமுறை, நார் போட்டு மேல்துணி மூடுவதற்கு முன் ஒருமுறை கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நேரில் போக முடியாதவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லலாம். முன்பணமாகப் பொருள்களுக்கான தொகையை மட்டும் கொடுத்தேன். கூலி வேலை முடிந்த பிறகு. இந்த முறையில் ஒரு குறை, காலம். கண்ணாடிக் கடை ஒரு வாரத்துக்குள் தந்ததை இங்கே ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து வாங்கினேன்.

இந்தத் தொகைக்குப் புது சோபாவே வாங்கியிருக்கலாமே என்று உறவினர்கள் பலர் கேட்டார்கள். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த விலையில் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பிளைவுட்டும் மட்டமான மரமும் வைத்து அடித்த சட்டங்கள். இன்னொரு வெள்ளத்தில் உப்பிப் பிரிந்துவிடும். அப்படிப்பட்ட சட்டம் உங்கள் வீட்டில் நனைந்திருந்தால் அதற்கு ஸ்பிரிங்கும் வேண்டாம், நல்ல ஃபோமும் வேண்டாம், செலவே செய்யாதீர்கள். அதேபோல் தொடக்கத்திலேயே ஃபோமுக்காகச் செய்யப்பட்ட நல்ல மரச் சோபா என்றால், வளைந்து வளைந்து ஓடும் கம்பியாலான ஜிக்ஜாக் ஸ்பிரிங் அல்லது எலாஸ்டிக் பட்டையின் மேல் சரியான எடையுள்ள ஃபோம் போடுவதே பொருத்தம். அதற்குள் கயிறு கட்டிய ஸ்பிரிங்கைத் திணிக்க அங்கே ஆழம் இருக்காது. எதுவானாலும் பழைய உறையைப் பிரித்து உள்ளே பார்ப்பதற்கு முன் எந்த முறைக்கும் விலை பேசாதீர்கள். புகைப்படத்தைப் பார்த்தே முறையைத் தீர்மானிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒற்றை நாற்காலிகள் இன்னும் எலும்புக்கூடாகவே நிற்கின்றன. ஒன்றின் ஸ்பிரிங்குகள் நன்றாக இருப்பதால் அவற்றையே மறுபடியும் கட்டிவிடலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். மற்றொன்றுக்குப் புதிது வாங்க வேண்டும். தீபாவளிக்கு முன் எல்லாப் பட்டறைகளிலும் வேலை குவிந்து கிடக்கும், அவசரத்தில் மூலைவாட்டுக் கயிறுகள்தான் முதலில் காணாமல் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசையும் பாலிஷும் சரியாக உலர்வதில்லை. பொங்கல் கழிந்து மாசி வெயில் தொடங்கியதும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்; அதற்குள் கூலி ஆயிரம் ரூபாயாவது ஏறியிருக்கும் என்று மருமகன் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.